அக்கா வண்டியின் பெட்ரோல் வடிகட்டி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. கீழப்பழுவூரில் பிறந்து, அரும்பாவூரில் வாழ்க்கைப்பட்டு, கணவரை இழந்தபின் அவர் விட்டுச்சென்ற சிறு சரக்கு வண்டியைத் தாமே ஓட்டிச் சின்ன வெங்காயம் ஏற்றி ஒரே மகளை ஆளாக்கியவர். கடைசியாக நான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோன வழியில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது, அளவு காட்டும் முள் பழுதென்பதை அக்கா என்னிடம் சொல்ல மறந்தார் என்று உறவினர் பலரும் நம்புகின்றனர். அது உண்மையன்று. அதைத் திருத்தவே இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அது கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் வண்டி. தொட்டியின் உட்புறம் துருப்பிடித்திருந்ததால், பெட்ரோல் குழாயின் நடுவே பொருத்தும் சிறு வடிகட்டியை அக்கா அடிக்கடி மாற்றுவார். நுரையீரலில் நீர் கோத்து நடமாட்டம் குறைந்தபோது அதை வாங்கிவர என்னை அனுப்பினார்.

"உள்ள அழுக்கு தெரியிற பிளாஸ்டிக் பில்டரா பாத்து வாங்கியா தம்பி. பளபளன்னு இருக்குன்னு வேற எதையாவது தூக்கிட்டு வந்துடாத."

பெரம்பலூர் உதிரிபாகக் கடையில் அந்தப் பிளாஸ்டிக் வடிகட்டி விளையாட்டுப் பொருள்போல் தோன்றியது. அருகே உலோக உறையிட்ட ஒன்று இருந்தது. மிக நுண்ணிய தூசியையும் தடுக்குமென அட்டையில் எழுதியிருந்தது. அதையே கேட்டேன்.

கடைக்காரர் தயங்கினார். "சார், இது இஞ்செக்ஷன் வண்டிக்குங்க. அதுல பம்பு வேகமா தள்ளும். உங்க வண்டியில மெதுவாத்தான் தள்ளும். துரு வேற இருக்குங்கறீங்க, சீக்கிரம் அடச்சிக்கும். பெட்ரோல் பத்தாது."

"நல்லா வடிகட்டுறது எப்படிங்க கெடுதலாகும்?"

"எனக்கே பாடம் நடத்துறீங்களே! எடுத்துட்டுப் போங்க சார்" என்று சிரித்தார்.

"நீ சொன்னதுதான்க்கா" என்று அக்காவிடம் பொய் சொல்லிவிட்டு, மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தினேன். ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டியபோது குறை தெரியவில்லை.

மூச்சுத் திணறிய அன்று காலை, ஆம்புலன்சுக்குக் காத்திராமல் அக்காவை ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் புறப்பட்டேன். ஒரு மேட்டில் வண்டி திக்கித் திக்கி நின்றது.

"எந்த பில்டரப் போட்ட?" மூச்சு வாங்கியபடியே கேட்டார். சொன்னேன். "சரி... அதக் கழட்டிட்டு டியூப நேரா சொருவு."

குழாயை இறுக்கியிருந்த கிளிப்பு கழலவில்லை. அரைமணி நேரம் கழித்து, அக்காவிடம் நெடுங்காலம் சரக்கேற்றிய லப்பைக்குடிக்காட்டு வணிகர் தம் காரை நிறுத்தினார்.

"யா அல்லா! என்னக்கா இது? ஏறுங்க, ஏறுங்க. சார், வண்டி கெடக்கட்டும், நீங்களும் வாங்க."

மருத்துவமனையில், "ஏம்மா இவ்ளோ நேரம்?" என்று அங்கே காத்திருந்த மகள் அழுதாள். நான் வாய் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார்: "பெட்ரோல் தீந்துபோச்சுடி. முள்ளு வேல செய்யலன்னு தம்பிகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

நான் மறுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் மறைந்தார். தாமதம்தான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்கும் துணிவு இன்றுவரை எனக்கு வரவில்லை. துக்க வீட்டிலேயே, "இத்தன வருசம் ஓட்டுனவ, இதப் போயி மறந்துட்டாளே" என்றனர். அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் அக்காவின் மகளிடம் அனைத்தையும் கூறினேன். கேட்டு முடித்ததும் சொன்னாள்: "இத மலர்ல எழுதுங்க மாமா. எங்கம்மா எதையும் மறக்கல."

அக்காவை ஏற்றிச்சென்ற வணிகருக்கும், நான் கேளாத எச்சரிக்கையைச் சொன்ன கடைக்காரருக்கும், ஐந்து நாளும் உணவு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அந்த ஐந்து நாளும் நான் அக்காவின் கட்டிலருகில்தான் இருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.