காயாத குடுவை

பூரணி பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரமாட்டார்கள், என்னைத் தவிர. எனக்கு மூக்கு பழகிவிட்டது. கிண்ணியாவில் நான் இறங்கிய பிறகு கிளிவெட்டி வரை அவள் தனியே போவாள்.

நாற்றத்துக்குக் காரணம் தயோல் என்ற கந்தகச் சேர்மம். கெட்டுப்போன வெங்காயம் போல் உடுப்பிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொள்ளும். அதை ஓர் அற்ககோலோடு சேர்த்து, ஒட்சியேற்றி, ஒரே குடுவையில் சல்பினிக் எசுத்தர் என்னும் சேர்மம் ஆக்குவதுதான் அவளுடைய ஆய்வு. சின்ன அற்ககோல்கள் இலேசாகச் சேரும். பூரணி பிடிவாதக்காரி, மெந்தோலைப் பிடித்தாள். தைலத்தில் மணக்குமே, அதுதான். பருத்த மூலக்கூறு. அது சேர்ந்தால் பட்டம். பட்டம் கிடைத்தால் நிரந்தர விரிவுரையாளர் வேலை. தற்காலிக நியமனம் வைகாசியோடு முடிகிறது.

இந்த வேலைக்குத் தண்ணீர் எதிரி. ஈரம் பட்டால் கந்தகம் எசுத்தராகாமல் அமிலமாகிவிடும். நாங்கள் இருவரும் வேலை செய்யும் வளாக ஆய்வுகூடமோ கடலைப் பார்த்திருக்கிறது. காலையில் கழுவிய குடுவை மாலையிலும் காயாது. உலர்த்தும் அடுப்பு பழுதாகிக் கிடக்கிறது. திருத்தச் சொல்லிக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆகவே நாங்கள் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். கழுவிய குடுவையை எதனோலால் அலசிக் கவிழ்த்து வைத்தாள். எதனோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும்.

மாசியில் ஒருநாள் குடுவையில் நாற்றம் நின்றுபோனது. தயோல் முழுவதும் வேறொன்றாகிவிட்டது என்று அர்த்தம்.

"ஜெமீலா, வந்து மணந்து பாருங்கோ" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. போத்தலில் மிஞ்சியிருந்த தயோலையும் போட்டு அதே மாதிரி இன்னொரு தடவை செய்து, சுத்தமாக்கி, பரிசோதனைக்காகக் கொழும்புக்கு அனுப்பினாள்.

முடிவு வந்த அன்று மேற்பார்வையாளர் கனகசுந்தரம் சேர் பரிசோதனை வரைபடத்தைக் கணினியில் திறந்தார். மெந்தோலின் அடையாளமே இல்லை.

"பிள்ளை, இது எதனோலின்ர எசுத்தர். எதனோல் எங்கயிருந்து வந்தது?"

பூரணி அடுக்கில் கவிழ்ந்திருந்த குடுவைகளைப் பார்த்தாள். அவள் செய்ததே நகநுனி அளவில். உள்ளே ஒட்டியிருந்த துளி அதற்குப் போதும். எதனோலும் ஒரு சின்ன அற்ககோல்தான்; மெந்தோல் அசைவதற்குள் அது முந்திக்கொண்டுவிட்டது.

"அலசினது நான்தான் சேர்" என்றாள்.

வெளியே வந்ததும், "திரும்பச் செய்வமே?" என்று கேட்டேன்.

"எதால செய்யிறது ஜெமீலா? தயோல் முடிஞ்சுது. ஓடர் பண்ணி அது வந்து சேர முதல் என்ர நியமனம் முடிஞ்சிடும். இனி ஏலாது."

எனக்கு அழுகை வரவில்லை. அந்த அடுப்பைத் திருத்தாத ஒவ்வொருவர் மேலும் ஆத்திரம் வந்தது. இன்னும் ஆறவில்லை.

வைகாசி முடிவில் அவளோடு கடைசியாகப் பஸ்ஸில் போனேன். கிண்ணியாவில் நான் எழும்பியதும், ஏறிய ஒரு பெண் என் இடத்தில் உட்கார்ந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. பூரணியிடம் இப்போது நாற்றம் இல்லை.

"எங்க புள்ள வேல செய்யிறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டது, இறங்கும்போது எனக்குக் கேட்டது.

"வேலை இல்லை அக்கா" என்றாள் பூரணி. "வீட்டிலதான்."