சாப்பாட்டறைச் சுவரில் ஒட்டிய பட்டியல்

யுத்தம் முடிந்து சில வருடங்கள். மதுரங்குளிப் பக்கத்தில் இறால் பதப்படுத்தும் கம்பனி ஒன்றில் நான் எழுதுவினைஞன். ஆட்களை வேலைக்கு எடுப்பதும் அவர்களுடைய விபரங்களைப் பதிவதும் என் வேலை. முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லோருக்கும் நான் ‘நானா’.

ஒருநாள் எங்கள் மனேஜர் சிலாபத்தில் மீன் வாங்க இறங்கினார். கம்பனி லெப்டொப்பைக் காரின் பின்சீட்டில் வைத்து, கண்ணாடியையும் இறக்கிவிட்டிருக்கிறார். பாவம், அதற்கும் காற்று வேண்டாமா? திரும்பி வந்தபோது கையில் மீன் இருந்தது, காரில் லெப்டொப் இல்லை. எல்லோருடைய அடையாள அட்டை இலக்கம், நோய், குடும்பச் சண்டை எல்லாம் அதற்குள். பாஸ்வேர்ட் கம்பனியின் பெயர்தான். கள்ளன் சிரமப்படக் கூடாதே.

யாருடைய விபரம் போனதோ அவர்களுக்கு அறிவியுங்கள் என்று கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் மனேஜரா சும்மா இருப்பார்? கந்தோர்க் கணினியில் இருந்த முழுப் பட்டியலையும், ‘குறிப்பு’ நிரலோடு சேர்த்தே, சாப்பாட்டறைச் சுவரில் ஒட்டச் சொன்னார். நான் மறுத்தேனா? பசை பூசியதே நான்தான்.

இறால் உரிக்கும் பகுதியில் வன்னிப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுடைய பெயருக்கு நேரே ‘முன்னாள் போராளி, புனர்வாழ்வு பெற்றவர்’ என்றிருந்தது. வாடகைக்கு இருந்த வீட்டாருக்குக்கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை. தேத்தண்ணி நேரம் முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பின்னேரம் அவளோடு பஸ்ஸுக்கு நடக்க ஒருத்தரும் இல்லை. அந்தக் கிழமையே அறையை விடச் சொல்லிவிட்டார்கள்.

லெப்டொப்பைப் பொலிஸ் கண்டுபிடித்தது. விற்பதற்கு முன் கள்ளன் எல்லாவற்றையும் அழித்திருந்தான். அல்லாஹ்வே, எங்களில் இரகசியம் காத்த ஒரே மனிதர் அந்தக் கள்ளன்தான்!

ஊருக்குப் போகும் நாளில் அவள் தன்னுடைய விபரங்கள் இருந்த கோவையைக் கேட்டாள். ஊழியர் விபரம் இரகசியமாம், கொடுக்க முடியாது என்று மனேஜர் சொல்லிவிட்டார். அதை என் வாயாலேயே அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

“வேலைக்கு எடுக்கேக்க, ஒண்டையும் ஒளிக்காத, ஒருத்தருக்கும் தெரிய வராது எண்டு சொன்னது நீங்கள்தானே நானா?” என்றாள்.

ஓம், நான்தான். வெட்கத்தில் என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த கிழமை அவளுடைய இடத்துக்கு இன்னொரு வன்னிப் பிள்ளை வந்தாள். படிவத்தில் யுத்த காலத்தைப் பற்றிய கேள்வி வந்ததும் அவள் வாய் திறக்கப் பார்த்தாள். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ‘ஒன்றுமில்லை’ என்று நானே எழுதினேன்.