அந்துவான் வளைவு

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்தோனி அண்ணையின் மகள் அழைத்தாள். "மாமா, அப்பா காலமை எழும்பேல்லை" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, பிரெஞ்சும் வரவில்லை. எடுத்த கத்தரிக்காய்களைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் உங்களோடு கோபித்துக்கொண்டு விலகி நெடுநாளாகிறது. ஆகவே இந்த ஒரு செய்தியாவது எனக்கு நேராக வந்தது.

அண்ணை மன்னார்க்காரர். பிரான்சில் சில வருடங்கள் இருந்துவிட்டுக் கனடாவுக்கு வந்தவர். சென்ட் லோரன்டில் மாத்திரைகளைப் பொதி செய்யும் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றார். யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்ற என்னைத் தாண்டி மேற்பார்வையாளர் ஆக்கப்பட்டவர்களின் பெயர்கள் எனக்கு இன்றும் வரிசையாக நினைவிருக்கின்றன. அண்ணையிடம் அப்படி ஒரு வரிசை இருக்கவில்லை. நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு வரும் நாட்களில், "தம்பி, நீ வேலைக்கு வாறியோ, வழக்குப் பேச வாறியோ?" என்று கேட்பார்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போன எல்லோரும் வரவேற்பறையில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இளம் அந்தோனி பனிச்சறுக்குக் கட்டைகளில் நிற்பார், பின்னால் மலை. பிரான்சில் பெரிய பனிச்சறுக்குத் தளம் ஒன்றில், ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியதாகவும், வாடகை குறைவென்று கீழே ஒரு சின்ன மலைக்கிராமத்தில் தங்கியதாகவும், வேலை முடியும் நேரத்தில் பஸ் இல்லாததால் மாலையில் சறுக்கியே வீடு போனதாகவும் அவர் சொல்வார். கிராமத்தின் பெயரை அவர் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். அதனால் அதை இங்கே எழுதப்போவதில்லை.

"மன்னாரிலை எந்த மலையிலை அண்ணை பழகினனீங்கள்?"

"படத்துக்கு அந்தக் கட்டை வாடகையோ?"

ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் இதே பகிடிதான். அண்ணையும் சேர்ந்து சிரிப்பார். "பஸ் இல்லாத ஊரிலை வேறென்னடா செய்யிறது?" என்பார். நான் சிரித்ததில்லை. நம்பியதாலல்ல, உங்களோடு சேர்ந்து சிரிக்க விருப்பமில்லாததால்.

சில வருடங்களுக்கு முன் அவருடைய பெறாமகளின், அதாவது தம்பி மகளின், கலியாணத்துக்காகப் பாரிசுக்குப் போனோம். அண்ணைக்குக் காலில் வருத்தமென்று அவருடைய மகள் என்னைத் துணைக்கு அனுப்பினாள். என் தங்கையும் பாரிசில்தான் இருக்கிறாள். அவளோடு நான் பேசுவதில்லை, ஹோட்டலில் தங்கினேன். கலியாணம் முடிந்த மறுநாள் அண்ணை அந்தக் கிராமத்துக்குப் போகவேண்டும் என்றார். ரயிலில் பள்ளத்தாக்குவரை போய், அங்கிருந்து மலை ஏறும் பஸ்ஸைப் பிடித்தோம். அதில் வந்தவர்கள் எல்லோரும் மேலே பனிச்சறுக்குத் தளத்துக்குப் போகிறவர்கள். இடையில் இறங்கியது நாங்கள் இருவர் மட்டும்.

இறங்கியதும் அண்ணை நகரவில்லை.

"தம்பி, அடுத்த பஸ்ஸிலை திரும்பிப் போவமே?"

"இவ்வளவு தூரம் வந்திட்டு ஏன் அண்ணை?"

"நீங்கள் எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சு இப்ப எனக்கே சந்தேகமாக் கிடக்கு. நான் உண்மையாச் சறுக்கினனானோ, இல்லாட்டி சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டனோ எண்டு."

அவர் பகிடி விடவில்லை. அப்படியொரு பயத்தை அவர் முகத்தில் நான் முன்பு பார்த்ததில்லை.

பங்குனி மாதக் கடைசி. கூரைகளிலிருந்து உருகிய பனி தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. கல் வீடுகள், சுவரோரம் அடுக்கிய விறகு, ஒரு சிற்றாலயம், பாண் ரொட்டி சுடும் ஒரு கடை. தலைக்கு மேலே, வெகு உயரத்தில், பெரிய தளத்தின் மாடிக் கட்டிடங்களும் சறுக்குபவர்களை மேலே ஏற்றும் இழுவைக் கம்பிகளும் தெரிந்தன. அண்ணை தான் தங்கிய வீட்டைக் கண்டுபிடித்தார்; அல்லது கண்டுபிடித்ததாக நினைத்தார். கதவு பூட்டியிருந்தது. பாண் கடைப் பெண்ணிடம் வீட்டுக்கார அம்மாவைப் பற்றிக் கேட்டோம். அவர் இறந்து பல காலம், வீட்டை வெளியூர்க்காரர் வாங்கிவிட்டார்கள் என்றாள். மேலே வேலை செய்த தமிழர்கள் யாரையாவது தெரியுமா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள்.

"சரி, பாணாவது வாங்குவம்" என்றார் அண்ணை.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. மலைச்சரிவு கிராமத்தைத் தொடும் இடத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து பாணைப் பிய்த்துத் தின்றோம். மேலிருந்து ஒரு சிறுமி சறுக்கி வந்துகொண்டிருந்தாள். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற அவளுடைய தகப்பன் கைகளை வாயில் குவித்துப் பிரெஞ்சில் கத்தினார்: "அந்துவான் வளைவு வருகுது! மெதுவா வா!"

அந்தோனியைப் பிரெஞ்சில் அந்துவான் என்பார்கள். அண்ணையின் கையிலிருந்த பாண் அப்படியே நின்றது.

நான் எழுந்து போய், அந்துவான் என்றால் யார் என்று கேட்டேன்.

அந்த மனிதர் சிரித்தார். "எனக்குச் சரியாகத் தெரியாது. நான் அப்போது குழந்தை. மேலே ஹோட்டலில் கோப்பை கழுவின ஒரு வெளிநாட்டுப் பெடியன். மாலையில் சறுக்கி இறங்குவானாம். மற்ற வளைவெல்லாம் தப்பி வந்து, இதிலே மட்டும் தவறாமல் விழுவானாம். விழுந்தாலும் பாட்டை நிறுத்தமாட்டான் என்று அம்மா சொல்லுவார். யாருக்கும் விளங்காத ஏதோ பாட்டு."

அண்ணை எழுந்து வந்தார். தன்னுடைய உடைந்த பிரெஞ்சில், "அவன் பிறகு எங்கே போனான்?" என்று கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? விழாமல் வரப் பழகியிருப்பான். போயிருப்பான்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணையின் கை என் முழங்கைக்கு மேலே இறுகப் பிடித்தது. குளிர்ச்சட்டையையும் தாண்டி அவருடைய விரல்களின் அழுத்தம் தெரிந்தது.

"சொல்லாதை" என்றார்.

"ஏன் அண்ணை? இவ்வளவு தூரம் வந்தது இதுக்குத்தானே!"

"அவையின்ரை அந்துவான் இளம் பெடியன். அவனை ஏன் கிழவனாக்கவேணும்?"

சிறுமி வளைவைத் தாண்டி, விழாமல் வந்து சேர்ந்தாள். அண்ணை கைதட்டினார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்கு வாய் துருதுருத்தது. "மொன்றியலுக்குப் போனதும் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லவேணும். வெட்கப்படட்டும்" என்றேன்.

"ஒண்டும் சொல்லாதை. தெரிஞ்சா பேந்து பகிடி விடமாட்டினம். மரியாதையா 'வாங்கோ, இருங்கோ' எண்டு கதிரையைத் தந்திட்டு அங்காலை போயிடுவினம். எனக்கு ஆர் கதைக்க இருக்கினம்?"

மனைவி இறந்துபோன பிறகு அவருடைய வீட்டில் பேச்சுக்குரல் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஓம் என்றேன். அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாய்க்குள் ஏதோ பாடியபடி வந்தார். மன்னார்ப் பக்கத்து மடுமாதா கோவில் பாட்டு என்று நினைக்கிறேன்.

அவர் உயிரோடிருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. பாரிசிலிருந்து திரும்பிய பிறகும் எத்தனையோ விழாக்களில் அதே பகிடியைக் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். அவருடைய இறுதித் திருப்பலி முடிந்து கோவில் மண்டபத்தில் சாப்பாடு நடந்தபோது உங்களில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "அந்தோனி அண்ணை இப்ப மோட்சத்திலையும் சறுக்கினனான் எண்டு கதை விட்டுக்கொண்டிருப்பார்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். அன்பாகத்தான் சிரித்தீர்கள்; அதை மறுக்கவில்லை. ஆனால் கூடச் சிரிக்க அவர் அங்கே இருக்கவில்லை. அவர் இல்லாத இடத்தில் அது பகிடியாக எனக்குக் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் எனக்கு அறிவுரை எதையும் விட்டுப் போகவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பிடி ஒன்றுதான். யாரையாவது நாலு பேர் முன்னால் கூனிக்குறுக வைக்கச் சொற்களை அடுக்கி வாயைத் திறக்கும்போது, முழங்கைக்கு மேலே அது இறுகுகிறது. சில வேளைகளில் வாயை மூடிக்கொள்கிறேன். இன்று மூடவில்லை.

நிலம் உறைந்திருப்பதால் அண்ணையின் பெட்டி கல்லறைத் தோட்டத்துக் காப்பறையில் காத்திருக்கிறது. மண் இளகியதும், வைகாசியில், மலைச்சரிவில் அடக்கம் செய்வார்கள். எல்லோரும் வாருங்கள், என்னோடு கோபமாக இருப்பவர்களும் வாருங்கள். கல்லறைத் தோட்ட வாசலைத் தாண்டியதும் பாதை ஏறி, ஓரிடத்தில் சட்டென்று திரும்பும். அங்கே மெதுவாக வாருங்கள்.