கேட்டுவிட்டுச் செய்கிறவர்

எங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின், பழைய வேட்டி போர்த்தி நிற்கிறது. கொரோனா இரண்டாம் அலையில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வாங்கியது. அதன் முகப்பில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் சின்ன உருண்டை ஒன்று. காற்று நன்றாக வந்தால் உருண்டை மேலே ஏறும், குறைந்தால் இறங்கும். அம்மா அதைப் பார்க்கவே மாட்டாள். மூக்கில் குழாய் மாட்டியிருந்த நாட்களிலும் மெஷினுக்கு முதுகைக் காட்டித்தான் படுத்திருந்தாள். அதன் இரைச்சல் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். காரணம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் டாக்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்க அவரிடம்தான் போகும். தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி தேய்ந்தவர்கள், சாய நெடியில் இருமுகிறவர்கள், காய்ச்சல் கண்ட பிள்ளைகள் எல்லோருக்கும் அவர்தான். மற்ற டாக்டர்கள் ஊசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்பார்கள். இவர் ஊசியைக் கண்ணுக்கு நேராகக் காட்டுவார். "வலிக்கும்மா. குத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு நிற்பார். சின்னப் பிள்ளையான நான் தலையாட்டுகிற வரை, வெளியே எவ்வளவு கூட்டம் இருந்தாலும், நிற்பார். என் வாழ்க்கையில் என்னை ஒரு மனுஷியாக மதித்து அனுமதி கேட்ட முதல் ஆள் அவர்தான். அப்பாவுக்கு அது வேடிக்கை. "போடறதுன்னா போட்டுடுங்க டாக்டர். நீங்க சொல்லிக்கினு போட்டா ரெண்டு தடவ வலிக்குது" என்பார். "உங்க உடம்புங்க. உங்களக் கேக்காம நான் யாரு?" என்பார் டாக்டர். இருவருக்கும் இது தீராத வழக்கு.

அந்த அலையில் அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் படுத்தார்கள். டாக்டர் பார்த்துவந்த சின்ன நர்சிங் ஹோமில், மாடியில் ஒரே அறையில் நான்கு கட்டில்கள். அப்பா, அம்மா, தென்னேரியிலிருந்து வந்த ஒரு பையன், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். எங்களை உள்ளே விடமாட்டார்கள். நான் வாசல் கேட்டுக்கு வெளியே கஞ்சித் தூக்கோடு நிற்பேன். நான்கு பேருக்கும் கீழே வரிசையாக நின்ற சிலிண்டர்களிலிருந்துதான் குழாய் வழியாகக் காற்று போகும். அப்பாவுக்கு நுரையீரல் மோசமாகி, வேகமாகக் காற்றை உள்ளே தள்ளுகிற பெரிய மெஷினை வைத்திருந்தார்கள். மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து ஆகிறதைவிட அவர் ஒருவருக்கு அதிகம் தேவைப்பட்டது. ஒரு நாள் மத்தியானம் சிலிண்டர் ஏற்றி வந்த லாரி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எங்கேயோ மாட்டிக்கொண்டது. இருக்கிற காற்று அது வரும்வரை நான்கு பேருக்கும் போதாது என்று தெரிந்துவிட்டது.

நான் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன். ஆனால் டாக்டர் போனது அம்மாவின் கட்டிலுக்கு. மனைவியைக் கேட்பதுதான் முறை என்று நினைத்தாரோ என்னவோ.

அங்கே நடந்ததை அம்மா வெகுநாள் கழித்து, நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள். டாக்டர் குனிந்து, அந்தப் பிளாஸ்டிக் உடுப்புக்குள்ளிருந்து பேசினாராம். "வீட்டுக்காரருக்கு வெச்ச மெஷின எடுத்தா, லாரி வர்ற வரைக்கும் நீங்க மூணு பேரும் தாங்குவீங்கம்மா. எடுக்கலன்னா நாலு பேருக்கும் இல்ல. எடுக்கட்டுமாம்மா?"

கேட்டுவிட்டு, வழக்கம்போல நின்றாராம்.

"என்னக் கேக்காதீங்க டாக்டர்னு சொன்னேன். அப்பவும் போவல. நின்னுக்கினே இருந்தாரு. நான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கினேன். 'சரிம்மா'ன்னுட்டுப் போனாரு. செவுத்துல என் காத்துக் குழாய்க்கும் இதே மாதிரி உருண்டை இருந்தது. அவர் பேசறப்ப அடியிலதான் கெடந்தது. போன கொஞ்ச நேரத்துல மேல ஏறுச்சு. பின்னாடி உங்கப்பா இருமறது கேட்டுக்கினே இருந்தது. நான் திரும்பவே இல்லமா."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. இழை அறுந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரி விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். டாக்டர் வாசலுக்கு வந்து என்னிடம் நேராகவே சொன்னார். "மெஷின எடுத்தது நான்தாம்மா. எப்படியும் பொழைச்சிருக்க மாட்டாருன்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா எனக்குச் சுலபம்." நான் கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திட்டினேன். என்னென்ன திட்டினேன் என்று நினைவில்லை. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அவர் கிளினிக் வாசலை நாங்கள் மிதிக்கவில்லை.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். எத்தனை சிலிண்டர், யாருக்கு எவ்வளவு, லாரி வந்தது எப்போது என்று விசாரித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் செய்யாமல் இருந்திருந்தால் அம்மாவையும் அன்றே எரித்திருப்போம். எத்தனை முறை போட்டாலும் கணக்கு சரியாகத்தான் வந்தது. தப்பாக வந்திருந்தால் அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். பிறகொரு நாள் ஆசிரியர் பயிற்சியில், ஒருவரை விட்டால் மூவர் பிழைப்பார்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டார்கள். எல்லோரும் உற்சாகமாகக் கை தூக்கினார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா போனபின் அம்மா, உடலும் கரையும் வேறு நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவை எடுப்பதில்லை. அதற்குக் கரைப் பக்கம் நாடா எறியப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். நான் உட்காருகிறேன் என்றதற்கு, ஒற்றை ஆள் நெய்கிற புடவையே போதும் என்றுவிட்டாள்.

போன தை மாதம் அந்தத் தென்னேரிப் பையன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். "உங்க பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கினு இருந்தவன்மா. நீங்க கண்டிப்பா வரணும்" என்று காலில் விழுந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் போகவேண்டாம் என்றேன். "அவன் இன்னா பண்ணான் பாவம்" என்று அம்மா புடவை மாற்றிக்கொண்டாள்.

வாலாஜாபாத் மண்டபத்தில் பந்தியில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, மிகவும் தளர்ந்திருந்தார். நான் அம்மாவை வேறு வரிசைக்கு இழுத்தேன். அம்மா என் கையை விடுவித்துக்கொண்டு அவர் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தாள். சாம்பார் ஊற்றிக்கொண்டு போனார்கள்.

"மெஷின எடுத்ததுக்கு நான் உங்கள ஒண்ணும் சொல்லல டாக்டர்" என்றாள் அம்மா. "என்னை எதுக்குக் கேட்டீங்க? 'சரிம்மா'ன்னீங்களே, நான் என்னா சொன்னேன்னு சரின்னீங்க? இத்தினி நாளா அதான் கேட்டுக்கினு இருக்கேன், எனக்குள்ளயே."

டாக்டர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "நீங்க ஒண்ணும் சொல்லலம்மா. உங்க கிட்ட வர்றதுக்கு முன்னாடியே மெஷின எடுத்தாச்சு. சும்மாதான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது."

அம்மா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "அப்டிங்களா" என்றாள். பிறகு சோற்றைப் பிசைந்தாள். அவர் இலைக்கு அப்பளம் வரவில்லை என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டும் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள். "பொய் சொல்றாருமா. அவர் என் கட்டிலாண்ட நிக்கும்போது உருண்டை அடியிலதான் இருந்தது. போனப்புறம்தான் ஏறுச்சு. உனுக்கு ஊசி போடறப்ப எறும்பு கடிக்கும்னுகூட சொல்லாத மனுஷன். எனுக்காவ சொல்றாரு. நானும் அப்டியே வாங்கிக்கினேன்."

டாக்டர் என்னைக் கேட்டிருந்தால் நான் எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். என்னைக் கேட்கவில்லையே என்ற கோபத்தை இத்தனை நாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததும் அதை மறைக்கத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மெஷின் மேலிருந்த வேட்டியை எடுத்துத் தூசி உதறினாள். மறுபடி போர்த்துவதற்கு முன் குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். மெஷின் ஓடவில்லை. உருண்டை அடியில் கிடந்தது.