வேலிக்கு அப்பாலிருந்து வந்த கொடி

ரிங்லெட் கடைத்தெருவில் சீனி வாங்கிக்கொண்டு நின்றபோது எங்கள் தோட்டத்து லோரி டிரைவர் இறங்கி வந்தார். "அஞ்சலக்கா போயிட்டாங்க லா. விடிகாலையில, தானா ராத்தா ஆஸ்பத்திரியிலயே," என்றார். சீனியைக் கடையிலேயே விட்டுவிட்டு லோரியில் ஏறினேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அஞ்சலையம்மாள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் களை எடுக்கும் பெண்களுக்குத் தலைவியாக இருந்தவர். எழுபதுகளின் நடுவில் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மடியில் கச்சான் கடலை இல்லாமல் மலையேற மாட்டார். திட்டிக்கொண்டே எங்களுக்கும் ஒரு பிடி தருவார்.

நான் சேர்ந்த சமயத்தில்தான் வேலிக்கு அப்பால் கோசு பயிரிட்டவர்கள் நிலத்தை விட்டுப் போனார்கள். அங்கே ஒரு படர்கொடி மண்டியது. வெள்ளையாகப் பூத்து, பஞ்சு போன்ற விதையைக் காற்றில் விடும். அது எங்கள் பக்கம் முளைத்து, தேயிலை மேல் ஏறி, வெயில் படாமல் மூடிவிடும். வெட்டினால் துண்டுகளும் வேர்விடும். அதனால் வேரோடு பிடுங்கி, பாறைமேல் காயப்போட்டு எரிப்போம். ஒரு முனையை முடிப்பதற்குள் தொடங்கிய முனையில் மறுபடி தளிர் நிற்கும்.

தோட்டத்தை நிர்வகித்த துரை மருந்தடிக்கச் சொன்னார். இலைகள் கருகியதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒழிஞ்சதுடி சனியன்!" என்று எங்களை ரிங்லெட்டுக்குக் கூட்டிப்போய் ரொட்டி சானாய் வாங்கித் தந்தார். அடுத்த மழைக்குக் கொடி அடியிலிருந்து துளிர்த்தது.

"வேலிக்கு அந்தப் பக்கமும் நாங்களே புடுங்கிடுறோம் தொர," என்று அக்கா கேட்டார். அது நம் நிலமல்ல, யாருடையது என்றே தெரியவில்லை என்றார் துரை. அக்கா விடவில்லை. முன்பு அங்கே பயிரிட்ட சீன முதலாளியை, அந்தத் தவுக்கேயைத் தேடிப் போனார். அவர் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். தானும் வாடகைக்குத்தான் எடுத்திருந்ததாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் கேட்காமல் எங்களைக் கூட்டிக்கொண்டு வேலியைத் தாண்டினார். மாலைவரை பிடுங்கினோம். மேட்டில் ஏறிப் பார்த்தால், அதற்கும் அப்பால் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளைப் பூ. அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கடி போயி நிறுத்துறது?" என்றார்.



எண்பதுகளில் கொடி மூடிய அந்தத் தேயிலையை நிர்வாகம் கைவிட்டது. எங்களை வேறு மலைக்கு மாற்றினார்கள். அதன் பிறகு அந்த வழியே போகும்போது அக்கா அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

சென்ற வாரம் ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். மூச்சு வாங்கியது.

"நம்ம தேயில இன்னும் தெரியுதா புள்ள?"

"தெரியுதுக்கா. நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாதடி," என்று என் கையைத் தட்டினார். தட்டிய அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. நேற்றுப் போனோம். பாதையை அதே கொடி மூடியிருந்ததால், அக்காவைத் தூக்கி வந்தவர்கள் கால் வைக்க முடியாமல் நின்றுவிட்டார்கள். அவருடன் வேலை செய்த நாங்கள் முன்னால் ஓடினோம். குனிந்து, சேலையெல்லாம் சேறாக, வேரோடு பிடுங்கிப் பிடுங்கி இருபுறமும் ஒதுக்கினோம். எங்கள் நடுவே அவரைக் கொண்டுபோனார்கள்.

அக்கா, நீங்கள் போகும் அளவுக்கு மட்டும் வழி செய்தோம். அதற்கு மேல் எங்களால் முடியவில்லை. போய் வாருங்கள்.