காட்டுக்குப் போனவர்

குஞ்சம்மா என் பக்கத்து வீடு. ஒரே லயத்தில் ஒரு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மலாக்காவில் டுரியான் துங்கால் சாலை எட்டாவது மைலில் எட்டாங்கட்டைத் தோட்டம் என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்ததே, அங்கே. அவளைப் போல வாய்க்காரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஒரு நாள் எங்களை வேலை வாங்கும் மண்டோர் நாகமுத்து அவள் பால் வெட்டும் நிரையில் வந்து நின்று, மரத்தைக் காயப்படுத்திவிட்டாள் என்று கத்தினார். "மரத்துக்கு வலிச்சா மரம் சொல்லட்டும் மண்டோரே, நீங்க ஏன் அழுவுறீங்க?" என்றாள். அந்தக் காடே சிரித்தது. மண்டோரும் சிரித்துவிட்டுத்தான் போனார்.

அவள் புருஷன் மாயாண்டி வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். கோமளா என்று ஒரே பிள்ளை, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, கொடி மாறப்போகிறது என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. சுதந்திரத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் ஆரம்பித்து ஊர் ஊராக ஏறி வருகிறது என்றார்கள். எங்கள் தோட்டத்துக்கு வந்ததும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்லப் பாதி ஆள் இல்லை. குஞ்சம்மாவும் மாயாண்டியும் ஒரே நாளில் விழுந்தார்கள். லாரியில் ஏற்றித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளையை நான் வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு நினைவே இல்லாத நாளில் மாயாண்டி போய்விட்டார். தூக்க ஆள் இல்லை. என் வீட்டுக்காரரும் பாலகிருஷ்ணன் என்று ஓர் இளவட்டமும்தான் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்தார்கள். என் வீட்டுக்காரர் பேரை நான் சொல்லக் கூடாது. ஊர் அவரைக் காளிமுத்து என்று கூப்பிடும். பாலகிருஷ்ணன் அடுத்த வாரமே படுத்தான், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவரே காய்ச்சலில் கிடந்தார். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அந்த நாட்களில் யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை.

குஞ்சம்மா திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தாள். விஷயத்தை நான்தான் சொன்னேன். அழுவாள், என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "அப்படியாக்கா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. தாலி கழற்றுவது, சடங்கு எல்லாம் உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெண்கள் விட்டுவிட்டோம்.

வேலையும் போய்விட்டது. அவள் நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கத்தியைப் பிடித்தால் கை நடுங்கியது, வேறு வேலைக்கும் ஆகாது என்றார் மண்டோர். வீட்டை அடுத்த மாதக் கடைசி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார். இரண்டு வீட்டுக்கும் எங்கள் அரிசிதான் வெந்தது. அது எத்தனை நாளைக்கு வரும்? காய்ச்சலில் ஆளை இழந்த குடும்பத்துக்கு மலாக்கா டவுனில் ஓர் உதவி ஆபீஸில் மாதாமாதம் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அந்த உதவி கிடைத்தால் டவுன் பக்கம் ஓர் அறை பிடித்துப் பிள்ளையோடு பிழைத்துக்கொள்வாள். கிடைக்காவிட்டால் பிள்ளையை யாருக்காவது கொடுக்க வேண்டியதுதான். அப்படிக் கொடுத்த குடும்பங்கள் அந்த வருடம் இருந்தன. குஞ்சம்மாவை அந்த ஆபீஸுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன்.

ஆபீஸில் மேசைக்குப் பின்னால் ஒரு மலாய்க்கார அதிகாரி. துவான் என்று கூப்பிட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க அல்போன்ஸ் என்ற கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. நம் ஆள், டவுனில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவ வேதக்காரர். நல்ல மனுஷன்தான், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் குஞ்சம்மாவின் கழுத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார்.

"தாலி கெடக்கு, பொட்டு இருக்கு. புருசன் எங்கம்மா?"

கட்டின புருஷன் செத்துவிட்டார் என்று எங்கள் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அவளும் சொல்லவில்லை. "அவரைக் காட்டுக்குக் கொண்டு போயிட்டாங்கய்யா" என்றாள்.

"காட்டுக்கா? யாரு கொண்டு போனா?"

"தோட்டத்து ஆளுங்கதான்யா. எனக்கு நெனவில்ல. நான் பாக்கல."

அல்போன்ஸ் அதை எழுதிக்கொண்டார். பிறகு துவான் பக்கம் திரும்பி, "சுவாமி டியா மாசோக் ஹூத்தான்" என்றார். எங்களுக்குத் தெரிந்தது சந்தையில் பேசுகிற பசார் மலாய் மட்டும்தான். சுவாமி என்றதும் சாமியைப் பற்றி ஏதோ ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். புருஷனுக்கு மலாயில் மரியாதையான சொல் அது என்று பின்னால்தான் தெரிந்தது. மாசோக் ஹூத்தான் தெரியும், காட்டுக்குள் போவது. சரியாகத்தானே சொல்கிறார் என்று இருவரும் தலையை ஆட்டினோம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. வேதக்காரர்கள் செத்தவரைக் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். காட்டுக்குக் கொண்டுபோவது என்றால் புதைக்கக் கொண்டுபோவது என்று டவுன் வேதக்காரருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அந்த அவசர காலத்தில் காட்டுக்குப் போனவன் என்றால் ஒரே அர்த்தம்தான். துப்பாக்கி எடுத்துக்கொண்டு கம்யூனிஸ்டுகளோடு போய்ச் சேர்ந்தவன். மலாக்கா பக்கம் கெடுபிடி தளர்ந்து சில வருடமாகியிருந்தது. எங்கள் லயத்தைச் சுற்றிய முள்வேலிக் கதவைப் பூட்டுவதைக்கூட நிறுத்தியிருந்தார்கள். ஆனால் ஹூத்தான் என்ற அந்தச் சொல்லின் பயம் மட்டும் தளரவே இல்லை.

துவான் முகம் மாறியது. உதவி பற்றிப் பிறகு சொல்லியனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள்.

வந்தது உதவி இல்லை, மாத்தா மாத்தா. இரண்டு போலீஸ்காரர்கள் குஞ்சம்மா வீட்டுக்குள் நுழைந்து படுக்கிற பலகைக்குக் கீழே பார்த்தார்கள், அரிசி டின்னைத் தூக்கிப் பார்த்தார்கள். புருஷன் எப்போது கடைசியாக வந்தான், யார் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "செத்துட்டாருங்க, பொதைச்சாச்சு" என்று கத்தினேன். "யார் புதைத்தது? யார் பார்த்தது?" என்றார்கள். லயமே வேடிக்கை பார்த்தது. ஓர் ஆண்பிள்ளை வாயைத் திறக்கவில்லை, என் வீட்டு ஆண்பிள்ளையும் சேர்த்துத்தான். "அவன் வந்தால் சொல்லியனுப்பு. இல்லாவிட்டால் உனக்கும் ஜெயில்" என்று குஞ்சம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் பயப்படவில்லை. அவர்கள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"ராஜம்மாக்கா, போலீசுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்? இல்லாத ஆளையா தேடுவாங்க?"

"அடி பைத்தியக்காரி, அது அந்தக் கிராணி தப்பாச் சொன்னது."

"நீங்க பாத்தீங்களா அவரை? நான் பாக்கல. நீங்களும் பாக்கல."

பெண்கள் புதைகாட்டுக்குப் போவதில்லை. நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் போய் நிற்பாள். வேலிக்கு அப்பால் ரப்பர் மரங்கள், அதற்கும் அப்பால் நிஜமான காடு. காற்றில் கொப்பு முறிந்தால் "வந்துட்டாரு" என்பாள். மரத்துக்கு மரம் ஒளிந்து அவருடைய நீலச் சட்டை போவதைப் பார்த்தேன் என்றாள். அடிக்கடி பொட்டைத் துடைத்துப் புதிதாக வைத்துக்கொண்டாள். பெண்கள் அவள் வீட்டு வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பொய் சொல்வானேன், எனக்குமே அந்த வேலிப் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லை. இருட்டுகிற நேரத்தில் அங்கே ஒருவர் நிற்பது போலத்தான் இருந்தது.

நான் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க. ஆபீஸ்ல வந்து ஒரு வார்த்தை சொன்னா அவளுக்குப் புத்தியும் தெளியும், சோறும் கெடைக்கும். ஆம்பளைன்னு மீசை மட்டும் வச்சா ஆச்சா?"

"மாத்தா என்னையும் தூக்கிட்டுப் போயிட்டா நீ என்னடி பண்ணுவே?" என்றார். நான் விடவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னார். "நான் மொகத்தப் பாக்கலடி. பாயில சுத்திக் கட்டித்தான் குடுத்தாங்க. தொறக்கக் கூடாது, ஒட்டிக்கும்னுட்டாங்க. எட்டாங்கட்டை ஆளு இதுதான்னு கைய காட்டுனாங்க, தூக்கிட்டோம். அங்க அன்னைக்கு வரிசையா எத்தனையோ பாய் கெடந்துச்சு. பாக்காததப் பாத்தேன்னு எப்படிச் சத்தியம் பண்றது?"

அதற்கு மேல் நான் அவரை நச்சரிக்கவில்லை.

மறுநாள் பால்மரம் வெட்டப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று. வேலியோரம் ஒரு மரத்தடியில் இருந்ததாம். பிரித்தால் சோறு, கருவாட்டுத் துண்டு. நான் முந்தின நாள் குஞ்சம்மாவுக்குக் கொடுத்த அதே கருவாடு. தானும் சாப்பிடாமல், பிள்ளைக்கும் பாதிதான் ஊட்டிவிட்டு, அவருக்காகக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். காட்டில் இருப்பவனுக்குச் சோறு கொடுத்தால் என்ன தண்டனை என்று தோட்டத்தில் தெரியாதவர் கிடையாது. மாத்தா கண்ணில் பட்டிருந்தால் தெரியும் கதை. அவர் பயந்துதான் போனார். ஆனாலும் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "அவளக் கூட்டிட்டு வா, டவுனுக்குப் போவோம்" என்றார். அந்த மனுஷனை நான் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்குத்தான் பெருமைப்பட்டேன்.

ஆபீஸில் நேராக அல்போன்ஸ் முன்னால் போய் நின்று, "ஐயா, நாங்க காடுன்னு சொன்னது பொதகாட்டை. இவ புருசன் கம்யூனிஸ்ட் காட்டுக்குப் போகல, காய்ச்சல்ல போனாரு. நான்தான் பொதைச்சேன்" என்றார்.

அல்போன்ஸ் எழுந்தே விட்டார். "ஐயோ, அதையா சொன்னாங்க? அப்பவே வெளக்கமா சொல்லியிருக்கலாம்லா! நான் ஹூத்தான்னு எழுதிட்டேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். துவானிடம் மளமளவென்று எடுத்துச் சொன்னார். துவான் என் வீட்டுக்காரரைப் பார்த்து, செத்தவரை நீ கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு "பாத்தேன்" என்றார். இனி மனைவியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், போலீசுக்கும் எழுதிவிடலாம், உதவியும் கொடுத்துவிடலாம் என்றார் துவான்.

"சொல்லுங்கம்மா. ஒங்க வீட்டுக்காரர் எறந்துட்டாரா?" அல்போன்ஸின் குரல் தணிந்திருந்தது.

குஞ்சம்மா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அவரு மொகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன் தங்கச்சி."

"வாய் மூடியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என்னத்தைச் சொல்வேன்?

"தொறந்துதான் இருந்துச்சும்மா" என்றார்.

அவள் கையிலிருந்த பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். "அப்போ நாடிக்கட்டுக்கூட யாரும் கட்டலையா அவருக்கு?" என்று கேட்டாள். செத்தவர் வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சேர்த்துத் தலையோடு ஒரு துணியால் கட்டுவோமே, அது. "ஒரு முழத் துணி கெடைக்கலையா என் ராசாவுக்கு? வாயத் தொறந்தபடியே மண்ணுக்குள்ள போனாரா? நான் ஒருத்தி பக்கத்துலதானே கெடந்தேன்!" அப்படியே தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் வராத அழுகை எல்லாம் அந்தச் சிமெண்டுத் தரையில் வந்தது. துவானுக்குத் தமிழ் தெரியாது. அல்போன்ஸும் மொழிபெயர்க்கவில்லை. துவான் நாற்காலியை விட்டு எழுந்து, அவள் அழுது முடிக்கும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

உதவி கிடைத்தது. அந்த வாரமே பெண்கள் கூடித் தாலியைக் கழற்றினோம். முரண்டு பிடிக்காமல் தலையைக் குனிந்து கொடுத்தாள். மாதக் கடைசியில் தங்கா பத்து என்ற ஊர்ப் பக்கம் அறை பிடித்துப் போனாள். துணி வெளுத்து, பலகாரம் சுட்டு விற்று, கோமளாவைப் படிக்க வைத்தாள். சில வருடம் கழித்துப் பார்த்தபோது பழைய வாய் அப்படியே திரும்பியிருந்தது. காடு, வேலி, நீலச் சட்டை, எதைப் பற்றியும் அவள் அதன் பிறகு பேசியதே இல்லை. செத்தவரைச் செத்தவராக வைத்து வருடா வருடம் படையல் போட்டாள்.

என் வீட்டுக்காரர்தான் மாறிப்போனார். குஞ்சம்மா போன பிறகு பொழுது சாய்ந்தால் வேலைவெட்டி எது இருந்தாலும் போட்டுவிட்டு வேலிப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வார். கூப்பிட்டால் காதில் விழாது. ஒரு நாள் பொறுக்காமல், "அங்க யாரு இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"யாருமில்ல" என்றார். பிறகு, "ஒருவேளை வந்துட்டார்னு வையி. அவ மொகத்துல நான் எப்படிடி முழிப்பேன்?" என்றார்.