உபயம் என்று எழுதிய பேட்ஜ்

அசதி என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்பத்து நாலாம் வருஷம் முழுக்க நான் அசந்துபோய்த்தான் கிடந்தேன். திருவக்கரை வக்கிரகாளியம்மனை நம்பி வருகிற உங்களுக்கு, அந்த வருஷம் அவள் எனக்குச் செய்ததை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

காணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரும்பு வண்டி குடைசாய்ந்து என் வீட்டுக்காரருக்கு இடுப்பு போய்விட்டது. படுத்த படுக்கை. இருந்த கொஞ்ச நிலத்தில் நான் ஒருத்தியாக மாரடித்தேன். விடிந்தால் மாடு, அப்புறம் வயல், நடுநடுவே ஓடிவந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அழுவதற்குக்கூடத் தெம்பில்லை. ஒரே ஆறுதல் என் மகள் வளர்மதி. திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படித்தாள். அவள் சாப்பாடு, துணிமணி, படிப்பு எல்லாமே விழுப்புரத்து அரிசி மில் முதலாளி கதிர்வேலுவின் தயவு.

அப்படி உதவியில் படிக்கிற பிள்ளைகள் சீருடையில் ஒரு மஞ்சள் பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். இவளுடையதில் ‘உபயம்: கதிர்வேலு’ என்று இருக்கும். கோயில் டியூப் லைட்டில் எழுதி வைப்பார்களே, அதே மாதிரி. பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்று ஒரு விழா நடக்கும். உதவி செய்கிறவர்கள் வந்து, மேடையில் தங்கள் பிள்ளையைப் பார்ப்பார்கள். பேட்ஜ் இல்லாத பிள்ளை மேடை ஏறக்கூடாது. மேடை ஏறாத பிள்ளைக்கு மேற்கொண்டு உதவி கிடையாது. அங்கே அதுதான் சட்டம்.

லீவுக்கு வந்தவள் திரும்பிப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

“என் பேரையே மறந்துட்டாளுங்கம்மா. ஏ உபயம், தண்ணி எடுத்துக்கினு வா. ஏ உபயம், தள்ளி நில்லு. இதான் எந்நேரமும். நான் போகல. உன்கூடவே களை எடுக்கறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “களை எடுக்கறியா? என் கையப் பாருடி. இது வோணுமா உனக்கு?” என்று இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் பார்த்தாள். பெட்டியை எடுத்தாள்.

விழா அன்று காலையில் கிளம்பி, வழியில் பஸ் மாறித் திருவக்கரைக்குக் கூட்டிப்போனேன். கல்யாணப் பத்திரிகையோ வண்டிச் சாவியோ, எதுவானாலும் அம்மன் காலடியில் வைத்து எடுப்பதுதானே நம் வழக்கம். நான் அந்தப் பேட்ஜைக் கழற்றி அர்ச்சனைத் தட்டில் எலுமிச்சம்பழத்தோடு வைத்தேன். ‘தாயே, படிப்பு முடிகிற வரைக்கும் இது இவள் நெஞ்சை விட்டு இறங்கக் கூடாது, நீதான் பொறுப்பு’ என்று வேண்டினேன். பக்கத்தில் வளர்மதியும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள்.

கூட்டமோ கூட்டம். பூசாரி தட்டை வாங்கிக் காலடியில் வைத்தார். பூவும் பழமும் குங்குமமும் இலையில் மடித்துத் திரும்பி வந்தன. பின்னாலிருந்து தள்ளிய தள்ளில் வெளியே வந்து விழுந்தோம். பஸ் கிளம்பப்போகிறது என்றார்கள், ஓடி ஏறினோம். திண்டிவனத்தில் இறங்கி இலையைப் பிரித்தால் பேட்ஜ் இல்லை. திரும்பிப் போய்த் தேட நேரமில்லை. மத்தியானம் விழா.

“பேட்ஜ் இல்லாம ஏத்த முடியாதும்மா” என்றார் வார்டன். மற்றப் பிள்ளைகள் மேடையில் நிற்க, என் பெண் ஓரமாக நின்றாள். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அம்மனைத் திட்டினேன். ‘பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்தால் நீயே எடுத்துக்கொண்டாயே! என் புருஷன் இடுப்பை எடுத்தது போதாதா உனக்கு?’ திட்டித் திட்டி ஓய்ந்துபோனேன். கடைசியில், ‘என்னால் முடியவில்லை. நீ பார்த்துக்கொள்’ என்றேன். என் பிரார்த்தனை அவ்வளவுதான்.

மில் முதலாளி வரவில்லை, அவர் மனைவி மட்டும் வந்திருந்தார். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. மேடையைப் பார்த்துவிட்டு, “எங்க பொண்ணு எதுங்க, காணோமே?” என்று வார்டனைக் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, எழுந்து போய்விட்டேன்.

“நான்தாங்க அவ அம்மா. பேட்ஜ காலையில திருவக்கரையில ஆத்தா காலடியில வச்சேங்க. கூட்டம் தள்ளிடுச்சு. அது அங்கியே தங்கிடுச்சுங்க.”

“எது? அவரு பேரு எழுதியிருக்குமே, அதுவா?”

“ஆமாங்க.”

அந்த அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “நாளைக்கு அவருக்குப் பாண்டியில ஆபரேஷன்மா. புள்ளய பாத்துட்டு வான்னு அவருதான் என்னை அனுப்பினாரு. திருவக்கரைக்குப் போயி அவரு பேருக்கு அர்ச்சனை பண்ணணும்னு துடிச்சிக்கினு இருந்தேன். இத்தனை நாளா ஆஸ்பத்திரிய விட்டு நகர முடியல. நீ அவரு பேரையே கொண்டுபோயி வச்சிட்டு வந்திருக்கியே!”

அத்தனை பேர் பார்க்க அவர் அழுதார். நானும் அழுதேன். எவ்வளவோ நாளைக்கு அப்புறம் எனக்கு அழுகை வந்தது.

வேறு பேட்ஜ் செய்து கொடுத்துவிடுகிறோம் என்றார் வார்டன்.

“வேணாம். அந்தப் பேரு ஆத்தாகிட்டயே இருக்கட்டும். இவளுக்கு இன்னொண்ணு குத்தாதீங்க. எதுவரைக்கும் படிக்கறாளோ, அதுவரைக்கும் நாங்க பாத்துக்கறோம்” என்றார் அந்த அம்மா.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொன்ன சொல்லையும் அவர்கள் காப்பாற்றினார்கள். வளர்மதி இன்று டீச்சர்.

அன்று நான் ஊருக்குக் கிளம்பும்போது அவள் கேட் வரைக்கும் வந்தாள். “அம்மா, கோயில்ல நானும் ஒண்ணு வேண்டிக்கினேன்.”

“என்னான்னு?”

“அந்தப் பேட்ஜு திரும்ப என் மேல ஏறவே கூடாதுன்னு.”

“அடிப்பாவி” என்றேன். அந்த வருஷத்தில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

என் வீட்டுக்காரர் கடைசிவரை எழுந்து நடக்கவில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் அம்மன் முன்னால் பொய் சொன்னவளாவேன். நான் மறுநாளே களை எடுக்கப் போனேன், என் அசதியும் கூடவே வந்தது. ஆனால் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றுக்கொன்று எதிராக வேண்டியதில், இரண்டு பேரையும் அவள் கைவிடவில்லை. அன்றிலிருந்து அவளிடம் இப்படிச் செய், அப்படிச் செய் என்று நான் சொல்வதில்லை. நீங்களும் அசந்து போயிருந்தால், வார்த்தை வரவில்லையே என்று தயங்காதீர்கள். திட்டியாவது அவளிடம் சொல்லுங்கள். மனசில் இருக்கிறதை அவள் காலடியில் வைத்துவிட்டு வாருங்கள். நான் வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவதில்லை.